கறிவேப்பிலைச் செடியில் தொடங்குங்கள்: தோட்டத்துப் பூச்சிகளை நெருக்கமாகப் படமெடுப்பது எப்படி?

பூச்சிகளைப் படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்றுதான். பதிலுக்கு நான் கேட்பது, "வீட்டில் என்னென்ன செடி இருக்கிறது?" லென்ஸ் எதுவானாலும் பழகிக்கொள்ளலாம். எந்தப் பூச்சி எந்தச் செடிக்கு எத்தனை மணிக்கு வரும் என்பது தெரியாவிட்டால், விலையுயர்ந்த லென்ஸோடு வெறும் இலைகளைத்தான் படமெடுத்துக்கொண்டிருப்போம்.

கறிவேப்பிலையும் எலுமிச்சையும் இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற இரண்டு வண்ணத்துப்பூச்சிகளும் இந்தச் செடிகளைத் தேடி வந்து முட்டையிடும். எருக்குச் செடியில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட வெந்தய வரியன் புழு கிடைக்கும். அதே எருக்கின் இளந்தண்டில் மஞ்சள் அசுவினி மொய்த்திருக்கும். அதைத் தின்னப் பொறிவண்டு வரும், அசுவினி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு வரும். ஒரு சாண் தண்டில் நான்கைந்து கதைகள் நடக்கும். வெண்டையிலும் செம்பருத்தியிலும் சிவப்புப் பருத்திப் பூச்சிகள் ஜோடியாக ஒட்டிக்கொண்டு நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். துளசி பூத்தால் நீலப்பட்டைத் தேனீ, முருங்கை பூத்தால் கருவண்டு. தண்ணீர்த் தொட்டி இருந்தால் தட்டானும் ஊசித்தட்டானும்.

ஆகவே முதல் வாரம் கேமராவை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு, தினமும் பதினைந்து நிமிடம் செடிகளைச் சுற்றி வாருங்கள். இலையை அடிப்பக்கமிருந்து பாருங்கள். பெரும்பாலான பூச்சிகள் அங்கேதான் இருக்கும். ஓட்டை விழுந்த இலை, சுருண்ட இலை, இலையில் சிதறிக் கிடக்கும் மிளகு போன்ற புழுக்கை, தண்டில் வரிசையாக ஏறும் எறும்பு, இவையெல்லாம் தடயங்கள்.

எந்த நேரம்?

விடிந்ததும். ஆறு மணியிலிருந்து ஏழரை வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பூச்சிகளுக்கு நம்மைப் போல உடலுக்குள்ளேயே நிலையான சூடு கிடையாது. வெயில் பட்டு உடல் சூடாகும்வரை சோம்பலாகத்தான் இருக்கும். காற்றும் அப்போது குறைவு. மார்கழி, தை மாதங்களில் உள்மாவட்டங்களில் பனி விழும் நாட்களில், தட்டானின் சிறகு முழுக்க நீர்த்துளி கோத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும். பத்து மணிக்கு மேல் அதே தட்டான் உங்களை இரண்டு மீட்டர் தூரத்துக்குள் விடாது.

இன்னொரு நல்ல நேரம் பொழுது சாயும் வேளை. ஆண் நீலப்பட்டைத் தேனீக்கள் மாலையில் ஒரு காய்ந்த குச்சியையோ கொடியையோ தேர்ந்தெடுத்து, தாடையால் அதைக் கவ்விக்கொண்டு வரிசையாகத் தூங்கும். மறுநாள் மாலை பெரும்பாலும் அதே குச்சிக்கே வரும். இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் வாரக்கணக்கில் உங்களுக்கு மாடல் கிடைத்த மாதிரி. தொடக்கக்காரருக்கு இதைவிடப் பொறுமையான பூச்சி கிடைக்காது.

நண்பகலை ஒதுக்கிவிடலாம், ஒரு விதிவிலக்கோடு. உச்சி வெயிலில் சில தட்டான்கள் வாலை வானத்தை நோக்கிச் செங்குத்தாக நிறுத்தி உட்காரும். உடலில் படும் வெயிலைக் குறைக்க அது செய்யும் வேலை. அந்தக் கோலத்தைப் படமெடுக்க வெயிலில் நிற்பதில் தவறில்லை.

கருவி: கையில் இருப்பதிலிருந்து ஆரம்பிப்போம்

செல்போன்தான் இருக்கிறது என்றால் அதுவே போதும். பல போன்களில் 'மேக்ரோ' (மிக நெருக்கமாக எடுப்பது) என்று தனியாக ஒரு 2 மெகாபிக்சல் கேமரா வைத்திருப்பார்கள். அதை மறந்துவிடுங்கள். முதன்மைக் கேமராவின் மேல் கிளிப் போல மாட்டும் மேக்ரோ லென்ஸ் கிடைக்கிறது, அது பல மடங்கு மேல். பூச்சியிலிருந்து சில சென்டிமீட்டர் தூரத்தில்தான் ஃபோகஸ் ஆகும் என்பதால், புழு, கூட்டுப்புழு, அசுவினி, தூங்கும் தேனீ மாதிரி ஓடாத ஆட்களோடு தொடங்குங்கள்.

கழற்றி மாற்றும் லென்ஸ் உள்ள கேமரா இருந்தால் மூன்று வழிகள் உண்டு. மிக மலிவானது ரிவர்ஸ் ரிங். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு வளையம். லென்ஸை முன்பின்னாகத் திருப்பிக் கேமராவில் மாட்ட உதவும். கேமராவோடு வரும் 18-55 லென்ஸைத் திருப்பி மாட்டினால், 55 பக்கத்தில் குறைந்த உருப்பெருக்கமும் 18 பக்கத்தில் மிக அதிக உருப்பெருக்கமும் கிடைக்கும். சங்கடம் என்னவென்றால் ஆட்டோஃபோகஸ் போய்விடும், அப்பெர்ச்சரையும் (லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவு; எஃப்/8 மாதிரி எழுதுவார்கள், எண் கூடினால் துளை சிறிதாகும்) கேமராவிலிருந்து மாற்ற முடியாது. கேனான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் ஒரு வழி செய்யலாம். லென்ஸை நேராக மாட்டி எஃப்/8 அல்லது எஃப்/11 வைத்து, டெப்த் ஆஃப் ஃபீல்ட் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே லென்ஸைக் கழற்றினால் அப்பெர்ச்சர் அந்த அளவிலேயே நின்றுவிடும். அப்பெர்ச்சர் வளையம் உள்ள பழைய 50 மி.மீ. லென்ஸ் வீட்டில் கிடந்தால் இன்னும் சுலபம். லென்ஸின் பின்கண்ணாடி வெளியே தெரியும்படி இருக்கும், தூசியும் இலையும் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி, ஏற்கெனவே இருக்கும் லென்ஸின் முன்னால் மாட்டும் குளோசப் லென்ஸ். ஜப்பானியத் தயாரிப்பான ரேனாக்ஸ் டிசிஆர்-250 இதில் பெயர் பெற்றது. 8 டயாப்டர் (உருவத்தைப் பெரிதாக்கும் திறனின் அளவு) சக்தி, கிளிப் வைத்து 52 முதல் 67 மி.மீ. வரையுள்ள லென்ஸ் வாயில் மாட்டலாம். 55-250 அல்லது 70-300 மாதிரி, தூரத்துப் பொருளைக் கிட்டே காட்டும் டெலிஜூம் வைத்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம் என்பது என் கருத்து. ஒரே நொடியில் மாட்டலாம், கழற்றலாம், ஆட்டோ வசதிகள் அப்படியே இருக்கும். பூச்சிக்கும் லென்ஸுக்கும் இடையே 10 சென்டிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருக்கும். டிசிஆர்-250 கொஞ்சம் கடினமாகத் தோன்றினால் அதன் தம்பி டிசிஆர்-150, 4.8 டயாப்டர்.

மூன்றாவது, தனி மேக்ரோ லென்ஸ். டாம்ரான் 90, கேனான் 100, நிக்கான் 105 என்று பல உண்டு. இவற்றை வாங்கும்போது 60-க்கும் 100-க்கும் இடையே தடுமாறினால் 100 பக்கம் போங்கள். உருப்பெருக்கம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் 100 மி.மீ. லென்ஸில் பூச்சியிடமிருந்து சற்றுத் தள்ளி நிற்கலாம். அந்த நான்கைந்து சென்டிமீட்டர்தான் பல சமயம் பூச்சி பறப்பதா இருப்பதா என்று முடிவு செய்கிறது.

1:1 என்று லென்ஸில் எழுதியிருப்பதன் பொருள், பூச்சி எவ்வளவு பெரியதோ அதே அளவு பிம்பம் சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதியும் தகடு) விழும் என்பது. 6 மி.மீ. பொறிவண்டு சென்சாரிலும் 6 மி.மீ. இருக்கும். ஏபிஎஸ்-சி (சற்றுச் சிறிய சென்சார் உள்ள) கேமராவின் சென்சார் அகலம் ஏறக்குறைய 23 மி.மீ. என்பதால் படத்தின் அகலத்தில் கால்வாசியைப் பிடிக்கும். தோட்டத்துக்கு இது தாராளம். அசுவினியின் முகம் வேண்டும், எறும்பின் கண் வேண்டும் என்று தோன்றும்போதுதான் 2:1, அதாவது இரு மடங்கு பிம்பம் பற்றி யோசிக்க வேண்டும். அது இரண்டாம் வருஷத்து வேலை.

ஒரு மில்லிமீட்டர்

இந்தத் துறையின் முழுச் சிரமமும் இந்த ஒரு அளவில் இருக்கிறது. 1:1 உருப்பெருக்கத்தில் ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமராவில் எஃப்/8 வைத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 1 மி.மீ. எஃப்/11 வைத்தால் 1.3 மி.மீ. அதாவது ஈயின் கண் தெளிவாக இருந்தால் சிறகு மங்கிவிடும். "அப்போது எஃப்/32 வைத்துவிடலாமே" என்று தோன்றும். நானும் ஆரம்பத்தில் அதைத்தான் செய்தேன். கேமராவின் சின்னத் திரையில் அருமையாக இருந்த படங்கள், கணினியில் போட்டதும் எல்லாமே ஈரத்துணி போட்டு மூடியது போலத் தெரிந்தன. துளை மிகச் சிறிதானால் ஒளி அதன் விளிம்பில் சிதறி மொத்தப் படமும் மழுங்கிவிடும். நெருக்கமாகப் போகப் போக இந்தக் கோளாறு இன்னும் சீக்கிரம் வரும், ஏனென்றால் 1:1-இல் எஃப்/11 என்று நீங்கள் வைப்பது உண்மையில் எஃப்/22 போல நடந்துகொள்கிறது. எஃப்/8-க்கும் எஃப்/11-க்கும் இடையில் நின்றுகொள்ளுங்கள்.

இருக்கிற ஒரு மில்லிமீட்டரை எங்கே செலவழிப்பது என்பதுதான் கேள்வி. தட்டானையோ சிறகை மடக்கிய வண்ணத்துப்பூச்சியையோ பக்கவாட்டில் எடுக்கும்போது, சென்சாரும் சிறகும் இணையாக இருக்குமாறு கேமராவைத் திருப்புங்கள். அப்போது சிறகு முழுதும் அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் வந்துவிடும். முகத்தை நேராக எடுப்பதானால் கண்ணில் வையுங்கள், மற்றதெல்லாம் மங்கட்டும். கண் தெளிவாக இருந்தால் பார்ப்பவர் மனம் படத்தை ஏற்றுக்கொள்ளும். கண் மங்கி, கால் தெளிவாக இருக்கும் படத்தை எவ்வளவு அழகான பூச்சியாலும் காப்பாற்ற முடியாது.

ஃபோகஸ் செய்யும் முறையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, லென்ஸ் வளையத்தை ஓரிடத்தில் நிறுத்தி, உங்கள் உடலையே முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். கண் தெளிவாகும் கணத்தில் அழுத்துங்கள். பத்து எடுத்தால் ஒன்று தேறும். இந்த விகிதம் எல்லோருக்கும் இப்படித்தான் தொடங்கும். மனம் தளர வேண்டாம்.

ஆட்டத்தைக் குறைக்க நான் கற்றுக்கொண்டதில் மிக உபயோகமான உத்தி இது: இடது கையால் செடியின் தண்டை, பூச்சியிலிருந்து ஒரு சாண் கீழே மெல்லப் பிடியுங்கள். அதே கையின் மணிக்கட்டின் மேலோ விரல்களின் மேலோ லென்ஸைச் சாய்த்து வையுங்கள். இப்போது காற்றடித்தால் தண்டும் லென்ஸும் சேர்ந்தே ஆடும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் மாறாது. ட்ரைபாட் தோட்டத்தில் பெரும்பாலும் இடைஞ்சல்தான். அதன் காலைச் செடிக்குள் நுழைப்பதற்குள் பூச்சி போயிருக்கும்.

வெளிச்சம்

எஃப்/11 வைத்தாயிற்று, கையும் ஆடுகிறது, நிழலான செடிக்குள் இருக்கிறோம். இயற்கை ஒளி பெரும்பாலும் பற்றாது. அதனால் ஃபிளாஷ் வேண்டும். ஃபிளாஷ் என்றதும் முகத்தில் வெள்ளையடித்த கல்யாணப் படங்கள் நினைவுக்கு வந்து பலர் தயங்குகிறார்கள். தவறு ஃபிளாஷில் இல்லை, அதை நேரடியாக அடிப்பதில் இருக்கிறது.

ஒளி மென்மையாக விழ ஒரே விதிதான்: ஒளி வரும் பரப்பு, படமெடுக்கும் பொருளோடு ஒப்பிட்டால் பெரியதாகவும் அதற்கு அருகிலும் இருக்க வேண்டும். பூச்சி மிகச் சிறியது என்பதால் இது நமக்குச் சாதகம். உள்ளங்கை அகல வெள்ளைத் தாள்கூடப் பொறிவண்டுக்கு ஒரு வானம் போல. டிவி, மிக்ஸி வரும் பெட்டியில் சுற்றியிருக்கும் மெல்லிய வெள்ளை நுரைத் தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கெட்டி அட்டையைக் கூம்பு மாதிரி மடித்து உள்ளே அலுமினியத் தாள் ஒட்டி, ஒரு முனையை ஃபிளாஷில் மாட்டி, மறுமுனையை லென்ஸ் நுனிக்கு மேலே கொண்டுவந்து நுரைத் தாளால் மூடுங்கள். இரண்டு அடுக்கு போட்டால் இன்னும் நல்லது. மொத்தச் செலவு பசை டேப்புக்கு மட்டும்தான். பால் நிறப் பிளாஸ்டிக் டப்பாவை வெட்டியும் செய்யலாம்.

சரியாக அமைந்ததா என்று பொறிவண்டே சொல்லும். அதன் முதுகு கண்ணாடி மாதிரி. முதுகில் ஊசி முனை போல வெள்ளைப் புள்ளி எரிந்தால் டிஃப்யூசர், அதாவது நீங்கள் செய்த அந்த நுரைத் தாள் மறைப்பு, சிறியது, அல்லது தூரம். அகலமான, ஓரம் கரைந்த வெளிச்சம் தெரிந்தால் சரி.

தொடக்கத்துக்கு இந்த அளவுகளை வைத்துப் பாருங்கள்: மேனுவல் மோட், ஷட்டர் 1/200, எஃப்/11, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 200, ஃபிளாஷ் சக்தி 1/8. படம் இருட்டாக இருந்தால் 1/4, வெளுத்தால் 1/16. ஃபிளாஷ் குறைந்த சக்தியில் வெடிக்கும் நேரம் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவு என்பதால் கை ஆட்டம் படத்தில் தெரியாது. ஷட்டரை 1/200-க்கு மேல் ஏற்ற வேண்டாம். பல கேமராக்களில் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும்.

அப்புறம் ஒரு பிரச்சினை வரும். பூச்சி பளிச்சென்று இருக்க, பின்னணி மை பூசியது போலக் கறுப்பாகிவிடும். ஃபிளாஷ் ஒளி சில சென்டிமீட்டர் தாண்டியதும் வலுவிழப்பதுதான் காரணம். பட்டப்பகலில் எடுத்த படம் நள்ளிரவு மாதிரி இருக்கும். இதற்கு நான் செய்வது, பூச்சிக்குப் பின்னால் நாலைந்து சென்டிமீட்டரில் ஒரு இலை இருக்கும்படி கோணத்தைத் தேர்ந்தெடுப்பது. இல்லாவிட்டால் கீழே உதிர்ந்து கிடக்கும் இலையொன்றை எடுத்துப் பின்னால் பிடிப்பேன். ஐஎஸ்ஓவை 800-க்கு ஏற்றினாலும் இயற்கை ஒளி கொஞ்சம் கலந்து பின்னணி உயிர் பெறும்.

நெருங்கும் விதம்

பூச்சிகள் உருவத்தைவிட அசைவைக் கண்டுதான் மிரள்கின்றன. நேராக வேகமாகப் போகாதீர்கள். ஓரடி வையுங்கள், நில்லுங்கள், மறுபடி ஓரடி. உங்கள் நிழல் அதன் மேல் விழாத பக்கமாகப் போங்கள். நிழல் விழுந்தால் அதற்குப் பறவை வந்த மாதிரி. கடைசி அரை மீட்டரில் மூச்சை மூக்கு வழியாக, பக்கவாட்டில் விடுங்கள். வெதுவெதுப்பான மூச்சுக்காற்று பட்டாலே பல பூச்சிகள் விலகிவிடும். முதல் படத்தைத் தூரத்திலிருந்தே எடுங்கள். ஃபிளாஷுக்கும் சத்தத்துக்கும் அது பழகட்டும். பிறகு நெருங்குங்கள்.

பறந்துவிட்டால் துரத்தாதீர்கள். தட்டான் கிளம்பிய குச்சிக்கே பெரும்பாலும் திரும்பி வரும். கொள்ளைக்கார ஈயும் அப்படித்தான், பறந்து இரையைப் பிடித்துக்கொண்டு அதே இலைக்கு வந்து உட்காரும். குச்சிக்கு அருகில் முன்பே ஃபோகஸ் வைத்துக் காத்திருப்பது ஓடுவதைவிடப் பலன் தரும். கும்பிடுபூச்சியை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் அது உங்களைத் தலை திருப்பிப் பார்க்கும். அந்தப் பார்வைக்காகவே அதன் முக உயரத்துக்கு இறங்கி எடுங்கள். பொதுவாகவே நின்றபடி மேலிருந்து எடுத்தால் அது பாடப்புத்தகப் படம். மண்டியிட்டு, தேவைப்பட்டால் படுத்து, பூச்சியின் கண் மட்டத்துக்குப் போனால் அதன் உலகம் தெரியும். குதிக்கும் சிலந்தி பூச்சி இனம் அல்ல, எட்டுக் கால் உள்ள சிலந்தி இனம். ஆனாலும் பழகுவதற்கு அதைவிட நல்ல தோழன் இல்லை. லென்ஸைத் தானே திரும்பிப் பார்க்கும்.

உங்கள் உடம்பையும் கவனிக்க வேண்டும். முழுக்கைச் சட்டை போடுங்கள். கையில் கொசு மருந்து பூசிக்கொண்டு கேமராவைத் தொடாதீர்கள். டீட் கலந்த மருந்து பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். கம்பளிப்பூச்சியைக் கையால் நகர்த்த வேண்டாம். மாமரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்த முசுறு எறும்புக் கூடு இருந்தால் கிளையைத் தொடாமல் எடுங்கள். கதண்டுக் (கொட்டும் பெரிய குளவி) கூடு இருந்தால் எடுக்கவே வேண்டாம். மழைக்காலம் தொடங்கும் முன்பே லென்ஸைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிட்டால் துடைத்து எடுக்க முடியாது.

ஒரு விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. அசையாமல் இருக்க வேண்டும் என்று பூச்சியைப் பிடித்து ஃபிரிட்ஜில் வைப்பவர்கள், பசை தடவி ஒட்டுபவர்கள், இலையோடு வெட்டி அறைக்குள் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். அதிகாலையில் எழுந்தால் கிடைக்கும் அசையாமையை ஒரு உயிரை வதைத்துப் பெற வேண்டியதில்லை. மறைத்திருக்கும் இலையைப் பிய்த்து எறியவும் வேண்டாம். அந்த இலைதான் அதைக் குருவியிடமிருந்து காப்பாற்றுகிறது. படமெடுக்கும் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிப்பதையும் நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முதல் மாதத்துக்கு ஒரு திட்டம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் முயன்றால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரு கறிவேப்பிலை அல்லது எலுமிச்சைச் செடியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கொழுந்து விட்டிருக்கும் நேரமாகப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சி ஒன்று செடியைச் சுற்றிப் படபடத்து, வயிற்றை வளைத்துக் கொழுந்தைத் தொட்டுத் தொட்டுப் போனால் அது முட்டையிடுகிறது. தொட்ட இடத்தில் 1 மி.மீ. அளவில் வெளிர்மஞ்சள் உருண்டை இருக்கும். அசையவே அசையாத அந்த முட்டைதான் உங்கள் முதல் பாடம். ஃபோகஸும் டிஃப்யூசரும் சரியாகும்வரை அதன் மேலேயே பழகுங்கள்.

சில நாளில் புழு வரும். இளம் புழு பறவை எச்சம் மாதிரிக் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். எச்சத்தைத் தின்ன எந்தப் பறவையும் வராது என்பதுதான் அதன் பாதுகாப்பு. தோலுரித்து உரித்துக் கடைசியில் இலைப் பச்சைக்கு மாறும். அப்போது அருகில் நெருங்கினால் தலைக்குப் பின்னாலிருந்து செஞ்சிவப்பில் பிளவுபட்ட கொம்பு ஒன்றை நீட்டி, ஒருவிதக் கார வாடை விடும். வேண்டுமென்றே சீண்டாதீர்கள். உங்கள் கை தவறிக் கிளை ஆடும்போது தானாகவே ஒருநாள் காட்டும். அப்போது கேமரா தயாராக இருக்கட்டும். பச்சைப் புழு, பச்சை இலை, பச்சைப் பின்னணி என்று எல்லாம் ஒன்றாகக் கரையும் என்பதால், வானம் பின்னால் வரும்படி கீழிருந்து எடுத்துப் பாருங்கள்.

பிறகு ஒரு தண்டில் நூல் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். இடத்தைக் குறித்து வைத்து, தினமும் அதே கோணத்தில், அதே அளவுகளில் ஒரு படம் எடுங்கள். ஒரு வாரம் தாண்டியதும் மாலையில் போய்ப் பாருங்கள். கூடு கறுத்து, உள்ளே சிறகின் புள்ளிகள் மங்கலாகத் தெரிந்தால், பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுச் சீக்கிரம் படுங்கள். மறுநாள் காலை விடியும் முன்பே செடிக்கு முன்னால் இருக்க வேண்டும். கூடு பிளந்து வெளியே வர ஓரிரு நிமிடங்களே ஆகும். கசங்கிய துணி மாதிரித் தொங்கும் சிறகு விரிந்து காய, குறைந்தது ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரை அது எங்கும் பறக்காது.